உப்பால வீட்டுத் தீட்டு

கண்ணுங்களா, போன மாசம் நான் மொட்டைத் தலையோடு வீட்டுக்கு வந்தபோது நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். எந்தக் கோயில் வேண்டுதல் என்று பெரியவள் கேட்டாள். சின்னவன் என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, சுறாத் தோல் மாதிரி இருக்கிறது என்றான். நான் பதில் சொல்லவில்லை. அதே வாரத்தில்தான் பெரியவள் காலேஜில் சேர போனில் என்னவோ தட்டிக்கொண்டிருந்தாள். "நைனா, பேருக்குப் பின்னாடி குடும்பப் பேருனு ஒன்னு கேக்குது. இன்னா போடறது?" என்றாள். என் பேரையே போட்டுவிடு என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அந்த இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். வாயால் சொல்ல உட்கார்ந்தால் உங்கள் அம்மா நடுவில் புகுந்து அவள் பங்குக்குச் சேர்த்துச் சொல்வாள். அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவன் எழுதுவது. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் செட்டி என்ற பேர். நம் ஊரில் பெரியவர்கள் பலர் பேருக்குப் பின்னால் அதைப் போட்டுக்கொள்வார்கள். என் நைனாவும் போட்டுக்கொண்டவர்தான். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது வாத்தியார் ஒருவர், செட்டி என்பது சிரேஷ்டி என்ற பழைய சொல்லில் இருந்து வந்தது, வியாபாரிகளில் உயர்ந்தவன் என்று அர்த்தம் என்றார். பின்னால் இருந்த ஒருத்தன் என்னைக் காட்டி, "அப்ப இவன் மேல ஏன் சார் மீன் நாத்தம் அடிக்குது?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். பிறகு பெரியவனானதும் ஒரு நாள் பொன்னேரி பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் பேச்சுக் கொடுத்தார். நான் செட்டி என்றதும், எந்தத் தெருவில் கடை என்று மரியாதையாகக் கேட்டார். காலடியில் இருந்த நண்டுக் கூடையைக் காட்டினேன். அவர் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

வலை போடுகிறவர்களுக்கு வியாபாரியின் பேர் எப்படி வந்தது என்று கேட்டால், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் பழவேற்காட்டுக்குக் கப்பல் வந்தபோது சரக்கை ஏற்றி இறக்கி, நாமும் கொஞ்சம் வாங்கி விற்றோம், அதனால் வந்தது என்பார்கள் சிலர். ஊர்த் தலைவர் ஒருத்தரைத்தான் முதலில் செட்டியார் என்று கூப்பிட்டார்கள், போகப் போக எல்லாருமே ஒட்டிக்கொண்டோம் என்பார்கள் வேறு சிலர். எது நிஜமோ, எனக்குத் தெரியாது.

ஆனால் செட்டி என்பது கடலோரம் முழுக்க இருக்கிற பேர். அதை வைத்து ஒருத்தன் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல முடியாது. அதற்கு வீட்டுப் பேர் என்று ஒன்று தனியாக உண்டு. பழவேற்காடு ஏரிக்கு வடக்கே, ஆந்திரப் பக்கத்தில் இருக்கிற நம் ஜனங்கள் அதை இன்டிபேரு என்பார்கள். ஒரே வீட்டுப் பேர் என்றால் பங்காளி. பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள். அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அந்தப் பேர் உள்ள அத்தனை பேருக்கும் தீட்டு. கருமாதி முடிகிற வரைக்கும் ஆண்கள் யாரும் வலையைத் தண்ணீரில் இறக்கக் கூடாது. நம் பக்கத்தில் அப்பன் பேரில் முதல் எழுத்தைப் போட்டுக்கொண்டு, வீட்டுப் பேரை மறந்தே போனோம்.

நம் வீட்டுப் பேர் என் காதில் விழுந்தது ஒரே ஒரு தடவை. என் நைனாவுக்குக் கரையில் பிண்டம் வைத்தபோது, காரியம் செய்கிறவர் எந்த வீடு என்று கேட்டார். நான் முழித்தேன். பெரியப்பாதான் பின்னால் இருந்து, "உப்பால" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரிடம் நான் கேட்கவும் இல்லை. இப்போது கேட்க அவரும் இல்லை.

இனி அந்த மொட்டைக்குக் காரணமான நாளைச் சொல்கிறேன்.

அன்றைக்கு நம் ஊருக்குப் பாடு இல்லை. பாடு என்றால் உங்களுக்குத் தெரியும், ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலை கட்டலாம் என்று ஊர் கூடி வைத்த முறை. சும்மா இருக்க வேண்டாம் என்று நானும் உங்கள் மாமாவும் நண்டு வலையை எடுத்துக்கொண்டு சுண்ணாம்புக்குளத்துக்கும் மேலே, வடக்கு நோக்கிப் போனோம். விடியற்காலையில் வலையை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தோம். மூடுபனி. தெற்கத்திக் காற்று மெதுவாகத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது, நாங்கள் கவனிக்கவில்லை. வலையை இழுக்கும்போது நல்ல நண்டு. கண்ணிக்குக் கண்ணி ஏறியிருந்தது. உங்கள் மாமா சந்தோஷத்தில் பாட்டுக்கூடப் பாடினான். பனி விலகியபோதுதான், எங்களைச் சுற்றி மூன்று படகுகள் நிற்பது தெரிந்தது.

தண்ணீரில் ஆந்திர எல்லை என்று கோடு போட்டு வைக்கவில்லை. ஆனால் கோடு எங்கே இருக்கிறது என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. ஒருத்தன் எங்கள் படகில் ஏறி, கழியைப் பிடுங்கிக்கொண்டான். உங்கள் மாமா அவன் கையைப் பிடித்தான். நான் மாமாவின் தோளை அழுத்தி உட்காரவைத்தேன். எங்கள் படகைத் தங்கள் படகோடு கட்டி, அவர்கள் ஊர்க் கரைக்கு இழுத்துப் போனார்கள். வழி முழுக்க வலைக்குள் நண்டுகள் ஒன்றை ஒன்று கிள்ளிக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கரையில் ஒரு படகு கவிழ்ந்து கிடந்தது. அதன் ஓரத்தில் இருந்த எழுத்து தமிழ். நம் பக்கத்துப் படகு. எப்போது பிடித்ததோ, அடியில் முள்செடி முளைத்து, பலகைக்கு மேலே வந்துவிட்டது. உங்கள் மாமா அதைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். எங்கள் இரண்டு பேருக்கும் இருப்பது இந்த ஒரு படகு. இது போனால் மறுபடியும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கையால் இறால் தடவ வேண்டியதுதான். உங்கள் அம்மாவுக்கு அப்படித் தடவித் தடவித்தான் விரல் எல்லாம் வெடித்துப் போனது. அதற்குத் திரும்பிப் போவதில்லை என்று நாங்கள் முடிவெடுத்து வாங்கிய படகு.

வலை உலர்த்துகிற கொட்டகையில் எங்களை நிற்கவைத்தார்கள். ஊர் ஆண்கள் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். தலையில் துண்டு கட்டிய ஒருவர் பேசினார். அவர்தான் அந்த ஊருக்குப் பெரியவர் போல. தமிழும் தெலுங்கும் கலந்த பேச்சு. ஏன் தாண்டி வந்தீர்கள் என்றார். காற்று தள்ளியது என்றேன். காற்று எப்போதும் தெற்கத்திக்காரனை மட்டும்தான் தள்ளுகிறது என்று ஒருத்தன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு இல்லை. என் முதுகுக்குப் பின்னால் ஒருத்தன் நெருங்கி நின்றான். அவன் மூச்சு என் கழுத்தில் பட்டது.

"யாருடா நீங்க?" என்றார் பெரியவர்.

"செட்டிங்கண்ணா" என்றேன்.

"இங்க கல்லு வுட்டா எவன் மேல வுழுந்தாலும் அவன் செட்டிதான். நான் செட்டி, அதோ பல்லு வெளக்கினுகீறானே, அவன் செட்டி. நாங்க இன்னா கடையா வெச்சினுகீறோம்? எந்த வூடு, அத்த சொல்லு."

 பெரியப்பா அன்றைக்குக் கரையில் சொன்னது மட்டும் தலைக்குள் கேட்டது. அது சரியா தப்பா, எனக்குத் தெரிந்தே சொல்கிறேனா, ஒன்றும் யோசிக்கவில்லை.

"உப்பால" என்றேன்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நான் ஒரு நொடி, பிழைத்தோம் என்று நினைத்தேன். பெரியவரின் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்புப் போய்விட்டது. அவர் தலையில் இருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"உப்பால வூட்ல இப்ப தீட்டு" என்றார். "பெரிய ஆம்பள செத்து இன்னும் கருமாதி ஆவல. இந்த ஊர்ல உப்பாலக்காரன் ஒருத்தன்கூட வலையத் தொடல. நீ தொட்டிருக்க. நீ அந்த வூடு இல்லனா திருடன், படகு எங்களுது. அந்த வூடுனா அதவிடக் கேடு. பொணம் எரிஞ்ச சூடு ஆறல, நீ நண்டு புடிச்சினுகீற. ரெண்டுல எது, நீயே சொல்லு."

கண்ணுங்களா, நான் இவ்வளவு நாள் ஏரியில் இருக்கிறேன். புயலில் மாட்டியிருக்கிறேன். ஆனால் இந்தப் பக்கமும் போக முடியாமல், அந்தப் பக்கமும் போக முடியாமல் நின்றது அன்றைக்குத்தான். இல்லை என்று சொன்னால் படகு போகும். ஆமாம் என்று சொன்னால், தீட்டோடு தண்ணீரைத் தொட்டவன் என்று அடி விழும், படகும் போகும். உங்கள் மாமா என் காதருகில், "மாமா, இன்னாத்துக்கு வாயத் தொறந்த?" என்றான்.

கொட்டகையின் ஓரத்தில், தரையில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். நான் அதுவரைக்கும் அவளைக் கவனிக்கவில்லை. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். தலை வாராமல் இருந்தது. செத்தவரின் மகள் என்று சொல்லாமலே தெரிந்தது. நான் உப்பால என்று சொன்னதிலிருந்து அவள் கண் என் மேலேயே இருந்தது.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. பயத்தில் வந்ததா, ஆற்றாமையில் வந்ததா, அதுவும் தெரியாது. பெரியவரைப் பார்க்காமல் அந்த அம்மாளைப் பார்த்துக் கேட்டேன்.

"எங்களுக்குச் சாவு சொன்னீங்களா?"

சாவு சொல்லி அனுப்புவது இருக்கிறவர்களின் கடமை. எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் பங்காளிக்கு ஆள் போக வேண்டும். சொல்லாமல் விட்டால், உறவை அறுத்துவிட்டதாக அர்த்தம். கேட்காத சாவுக்குத் தீட்டு இல்லை. இது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். பல் விளக்கிக்கொண்டிருந்தவன்கூட குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டான். பெரியவர் எதுவோ சொல்ல வாயெடுத்து, அந்த அம்மாளைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

 "உங்க நைனா கீறாரா?" என்று அவள் கேட்டாள்.

"இல்ல. பூட்டாரு. ரொம்ப வருஷம் ஆச்சு."

"அவரு பூட்டப்ப நீங்க எங்களுக்குச் சொன்னீங்களா?"

எனக்குத் தலை தானாகக் குனிந்தது. "இல்லக்கா" என்றேன். இப்படி ஒரு வீடு வடக்கே இருப்பதே எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

அவளுக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது. அவள் நைனா சொல்வாராம். முன் காலத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் தோணியில் உப்பு ஏற்றி, ஊர் ஊராக விற்றுக்கொண்டு வந்தார்களாம். அதனால்தான் வீட்டுக்கு உப்பால என்று பேர், அதனால்தான் வலைக்காரனுக்குச் செட்டி என்று பட்டம் என்பாராம். ஏரிக்கு வந்ததும் ஒரு தோணி வடக்குக் கரையில் தங்கியது, இன்னொன்று தெற்கே போனது. தெற்கே போன தோணிக்காரனின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவர் உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தபோதும், தெற்கே நம் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சொல்லி அனுப்புங்கள் என்றாராம். எங்கே போய் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டோம் என்றாள்.

இதெல்லாம் நடந்ததா, பேருக்குப் பொருத்தமாகக் கட்டிய கதையா, நான் எப்படிச் சொல்வேன்? ஆந்திராவில் உப்பால என்ற பேர் மீன் பிடிக்காதவர்களுக்கும் இருக்கிறதாம். பின்னால் ஒருவர் சொன்னார். அவர்கள் எல்லாரும் தோணியில் வந்தார்களா என்ன? ஆனால் அவள் சொன்னபோது அங்கே யாரும் குறுக்கே பேசவில்லை.

அவள் கையை ஊன்றி எழுந்தாள். என் எதிரில் வந்து நின்றாள். எனக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தவன் விலகிக்கொண்டான்.

"அப்ப இப்ப சொல்றேன், கேட்டுக்கோ" என்றாள். "எங்க நைனா பூட்டாரு."

  "எங்க நைனாவும் பூட்டாரு, அக்கா" என்றேன். என் நைனா செத்ததை நான் ஒருத்தருக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் செத்த அன்றைக்கு ஊரில் எல்லாரும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள், தனியாகச் சொல்ல ஆள் இல்லை. அவள் தலையை ஆட்டி, சேதியை வாங்கிக்கொண்டாள்.

பெரியவருக்கு மனசு ஆறவில்லை. அதையும் தப்பு என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கு இவன் சொல்லித் தப்பித்தால், நாளைக்கு மாட்டுகிற ஒவ்வொரு தெற்கத்திக்காரனும் உப்பால என்பானே என்றார்.

"சொல்லட்டும்" என்றாள் அவள். "சொல்றவன் கருமாதி வரைக்கும் வலையத் தொடாம கெடக்கட்டும். இந்த நண்டு சீசன்ல எத்தினி பேரு சொல்றான்னு பாக்கலாம்."

ஏரிக்கு அந்தப் பக்கம் போய் இவன் தொடுகிறானா இல்லையா என்று யார் பார்ப்பது என்றார் பெரியவர்.

"நானா பாக்கப்போறேன்? தண்ணி பாக்கும்."

தீட்டில் பிடித்தது வீட்டுக்குள் போகக் கூடாது என்று, வலையில் இருந்த நண்டை எல்லாம் அங்கேயே தண்ணீரில் உதறச் சொன்னார்கள். அவர்கள் ஊர்ப் பையன்கள் கைகொடுத்தார்கள். இழுத்து வரும்போது கழியைப் பிடுங்கியவனே அதை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். கருமாதி நாளைச் சொல்லி, வந்துவிடு என்றாள் அந்த அக்கா. கவிழ்ந்து கிடந்த படகைப் பற்றிக் கேட்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

திரும்பி வரும்போது உங்கள் மாமாதான் கழி ஊன்றினான். பாதி ஏரியில் மெதுவாக ஆரம்பித்தான். "மாமா, நான் உப்பால இல்லியே."

"இல்ல."

"அப்ப எனக்குத் தீட்டு இல்ல. நாளைக்கு நான் மட்டும் வலையப் போடலாமில்ல?"

படகு பாதி அவனுடையது, போடலாம் என்றேன். அவன் கழியை ஊன்றி ஊன்றிக் கொஞ்ச தூரம் தள்ளினான். "நீ கரையில குந்தினு என்னிய முறைப்ப. எனக்கு அந்தப் பொழப்பு வேணாம்" என்றான். கருமாதி முடிகிற வரைக்கும் அவனும் வலை எடுக்கவில்லை. அவன் கூலிக்கு வண்டியில் ஐஸ் பெட்டி ஏற்றப் போனது அதனால்தான். அவனை நீங்கள் கிண்டல் செய்தீர்களே, அதற்காகத்தான் இதையும் எழுதுகிறேன்.

உங்கள் அம்மா அன்றைக்குச் சொன்னது உங்களுக்கும் கேட்டிருக்கும். செத்தவன் யார் என்றே தெரியாது, அவனுக்காக அடுப்பை அணைத்துப் போடுகிறாயா என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அந்த நாட்களில் வீட்டில் கஞ்சிதான். நீங்கள் இரண்டு பேரும் ஏன் என்று கேட்காமல் குடித்தீர்கள். கருமாதிக்குப் போனேன். அவர்கள் வரிசையில் என்னையும் உட்காரவைத்து மொட்டை அடித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், அன்றைக்குப் பனியில் எங்களைச் சுற்றி நின்ற படகுகள் ஒன்றில், வலை தொடாமல் காவலுக்கு மட்டும் வந்தவன். என் மொட்டைத் தலையைப் பார்த்து, மண்டை எங்க வூட்டு மண்டைதான் என்றான். நீங்கள் சிரித்த மொட்டை அதுதான்.

பெரியவளே, அந்தப் போனில் கேட்டதற்கு நீ செட்டி என்று போடலாம், உப்பால என்று போடலாம், என் பேரை அப்படியே விட்டுவிடலாம். நான் தடுக்க மாட்டேன். ஆனால் எதைப் போட்டாலும், அதைப் போட்டுக்கொண்ட இன்னொருத்தர் வீட்டில் சாவு விழுந்தால் உனக்குச் சேதி வருமா, உன் வீட்டுச் சேதி அவர்களுக்குப் போகுமா என்று ஒரு தடவை யோசித்துப் போடு. எனக்கு அந்தப் பேரைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான். ரத்தத்தில் அவர்கள் நமக்குப் பங்காளியா என்று கேட்டால், இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஒன்று விட்டுப்போனது. படகு திரும்பக் கிடைத்த அன்றைக்கு நம் கரையில் இறங்கியதும் உங்கள் மாமாவை, நீ போய் அக்காவிடம் சொல், நான் வருகிறேன் என்று அனுப்பிவிட்டேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கரையில் யாரும் இல்லை. சாவுச் சேதி கேட்டவன் தலை முழுகாமல் வீட்டுக்குள் போகக் கூடாது. சட்டையைக் கழற்றிவைத்துவிட்டு, தண்ணீரில் இறங்கி முழுகினேன். அந்த அக்காவின் நைனாவுக்கு ஒரு தடவை. என் நைனாவுக்கு முறையாக எப்போதோ முழுகியாகிவிட்டது, ஆனாலும் அவருக்கும் ஒரு தடவை.

பிறகு வலையைச் சுருட்டி வைக்கலாம் என்று படகில் இருந்து எடுத்தேன். உதறியும் போகாமல், மடிப்புக்குள் ஒரு நண்டு மாட்டியிருந்தது. பெரிய நண்டு. உயிரோடு இருந்தது. அந்த வேளைக்கு வீட்டில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். படகின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு கால்கூட ஒடியாமல் கண்ணியை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அது என் கட்டை விரலைக் கவ்விக்கொண்டு விடவில்லை. அப்படியே நடந்து போய், கையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, அது தானாக விடுகிற வரைக்கும் குனிந்து நின்றேன்.